நாற்பத்தைந்து விநாடி

"என்னங்க, அவர் எத்தனாவது ஆளாப் பேசறார்?"

"எவர்?" என்றார் கணவர், ஷூ நாடாவைக் கட்டியபடி. எவர் என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

"அதான், புரொபசர்."

"கடைசி ஆள். ஏன், அதுவரைக்கும் உன்னால உட்கார முடியாதா?"

மனைவி கண்ணாடியைப் பார்த்துத் தோடு மாட்டிக்கொண்டாள். கல்யாண நாளுக்கு அவர் வாங்கிக் கொடுத்த தோடு. நான் வாங்கிக் கொடுத்ததைப் போட்டுக்கொண்டு எவனோ பேசுவதைக் கேட்கப் போகிறாளாம் என்று அவருக்கு வயிறு எரிந்தது.

அவர் நிலத்துறை அலுவலகத்தில் எழுத்தர். பொதுமக்கள் கருத்துக் கூட்டம் என்றால் மேடை ஓரத்தில் உட்கார்ந்து நேரம் பார்த்து மணி அடிப்பவரும் அவர்தான். ஆளுக்கு மூன்று நிமிடம். மந்திரியானாலும் மளிகைக்கடைக்காரரானாலும் ஒரு விநாடி கூடாது, குறையாது. மணி அடித்த பிறகு பேசுவது பதிவில் ஏறாது. பதினைந்து வருஷத்தில் அவர் மணியை ஒருவர்கூடச் சந்தேகப்பட்டதில்லை.

இன்றைய கூட்டம் மலையடிவாரப் பொது நிலத்தைப் பற்றியது. அங்கே எரிவாயுக் கிணறு தோண்ட ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. தோண்டினால் மலை ஊற்று செத்துப்போகும் என்று ஒரு குழு எதிர்த்தது. அந்தக் குழுவை நடத்துபவர்தான் புரொபசர். கணவர் மனசுக்குள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'தாடி'.

இரண்டு மாதமாக வீட்டில் தாடி புராணம்தான். "எவ்வளவு படிச்சவர், எவ்வளவு பணிவு பாருங்க!" ஞாயிறு காலையில் குச்சியும் நோட்டுமாக ஊற்றுவரை நடந்து போய்வருவது கணவருடைய பன்னிரண்டு வருஷப் பழக்கம். ஃபிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்துகொண்டிருந்தவள், இப்போது வருவதை நிறுத்திவிட்டாள். போன ஞாயிறு அவர் கூடத்துக்குள் நுழைந்ததும், "அவர் வந்துட்டார், அப்புறம் பேசறேன்" என்று போனை வைத்தாள்.

"யாரு?"

"யாருமில்லை."

"என் நோட்டு எங்கே?"

"அலமாரியிலதான் இருக்கும், தேடுங்க."

தேடினார். கிடைக்கவில்லை. அன்றைக்கு அவர் ஊற்றுக்குப் போகவும் இல்லை.

கருத்துக் கூட்டம் நடந்த கூடத்தில் உட்கார இடமில்லாமல் சுவரோரமெல்லாம் ஆட்கள் நின்றார்கள். மனைவி மட்டும் முன்வரிசையில் எப்படியோ இடம் பிடித்திருந்தாள்.

கம்பெனி அதிகாரி மைக்கைப் பிடித்தார். "நானூறு பேருக்கு வேலை. ஊருக்கே மலிவா எரிவாயு. ஊற்று ஊற்றுன்னு சொல்றாங்களே, அது கோடை வந்தா வத்திப்போற ஊற்றுங்க. ஏற்கனவே செத்ததை நாங்க எப்படிக் கொல்ல முடியும்?"

பாதிக் கூடம் கைதட்டியது. வாய் கூசாமல் பொய் சொல்கிறானே என்று கணவருக்குக் கோபம் வந்தது. அந்த ஊற்று அவருடைய ஞாயிற்றுக்கிழமை. ஆனால் மணியடிக்கும் ஆள் வாய் திறக்கக்கூடாது என்பது விதி. சரியாக மூன்று நிமிடத்தில் மணி அடித்தார்.

ஒவ்வொருவராகப் பேசி முடித்து, கடைசியாகப் புரொபசர் எழுந்தார். மனைவி நிமிர்ந்து உட்கார்ந்து போனைத் தூக்கிப் படம் எடுக்க ஆரம்பித்தாள். நான் பெண் பார்க்கப் போனபோதுகூட என்னை இவ்வளவு ஆசையாகப் பார்த்திருக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டார் கணவர். அதற்கு மேல் அந்தப் பக்கம் பார்க்கப் பிடிக்காமல் கையிலிருந்த கடிகாரத்திலேயே கண்ணை வைத்துக்கொண்டார்.

புரொபசர் நன்றாகத்தான் பேசினார். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. இரண்டு நிமிடம் ஆனதும் மேசையிலிருந்த நீல ஃபைலை எடுத்தார்.

"முக்கியமான ஒண்ணு படிக்கணும். அதுக்கு முன்னாடி, முன்வரிசையில இருக்கற அம்மாவுக்கு ஒரு நன்றி. ரெண்டு மாசமா அவங்க எனக்குப் பண்ணின உதவி இருக்கே..."

ஊரைக் கூட்டி வைத்துச் சொல்கிறான்! கணவரின் கை தானாக மணிமேல் விழுந்தது.

டிங்.

இரண்டு நிமிடம் பதினைந்து விநாடிதான் ஆகியிருந்தது.

"அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?" என்று கூட்டத்தை நடத்திய தலைவர் திரும்பிப் பார்த்தார்.

கணவர் நிமிராமல் தலையாட்டினார்.

கூடத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். புரொபசர்தான் கையமர்த்தினார். "விடுங்க. அவர் அடிச்சா சரியாத்தான் இருக்கும்."

"ஊற்று வத்தாதுங்கறதுக்கு ஆதாரம் எதுவும் வரலை. பதிவு முடிஞ்சது" என்று தலைவர் மேசையைத் தட்டினார்.

புரொபசர் நேராகக் கணவரிடம் வந்து ஃபைலை வைத்தார். "உங்க பொருள் சார். பத்திரமாத் திருப்பிக் கொடுத்துடறேன்னு அம்மாகிட்டச் சொல்லியிருந்தேன். கடைசியில உங்க பேரைச் சொல்லணும்னு ஆசைப்பட்டாங்க, நேரம்தான் போதலை."

கணவர் ஃபைலைப் பிரித்தார். பன்னிரண்டு வருஷமாக ஒரு ஞாயிறு விடாமல், எந்தக் கோடையிலும் முழங்காலுக்குக் கீழே இறங்காத ஊற்றைக் குச்சிவிட்டு அளந்து, அவரே தன் கையால் தேதி போட்டு எழுதிய நோட்டு அது.

அவர் நிமிர்ந்து பார்த்தபோது மனைவியின் போன் இன்னும் இறங்கவில்லை. அது ஆரம்பத்திலிருந்தே புரொபசரை அல்ல, மேடை ஓரத்தில் இருந்த அவரைத்தான் படம் எடுத்துக்கொண்டிருந்தது.