துப்பும் வாளி

ஒயின் ருசி பார்க்கும் அறையில், வாயில் ஊற்றியதைத் துப்புவதற்கென்று வைத்திருக்கும் வாளி நான். நேற்று மரநாயும் கீரியும் கரடியும் கூட்டாளிகளாக வந்தன.

மரநாய் ஒரு வாய் கொப்பளித்து எனக்குள் துப்பிவிட்டு, "ஆஹா, மல்லிகை வாசம்!" என்றது.

"மல்லிகையேதான்!" என்று கீரியும் துப்பியது.

கரடி முகத்தைச் சுளித்தது. "காடி மாதிரி புளிக்குதேப்பா."

"எங்க மானத்த வாங்காதடா!" என்று இரண்டும் சீறின.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடப் பாவிகளா! அந்த பாட்டில் கெட்டுப்போய்ப் பத்து நாளாச்சு. விழுங்குற எனக்குத் தெரியாதா? கரடி சொல்றதுதான் நிஜம்!" என்று கத்தினேன்.

கரடி என்னை முறைத்தது. "எச்சில் வாளிக்கு ருசியப் பத்தி என்ன தெரியும்? மல்லிகைதான்!" என்று சொல்லி, கோப்பையில் இருந்த மிச்சத்தையும் வாயில் ஊற்றி என் முகத்திலேயே துப்பியது.