புடலைக்குக் கட்டிய கல்

மாடிப் பந்தலுக்குக் கீழே, கழுத்தில் கயிற்றோடு ஒரு கல் கிடந்தது. புடலைப் பிஞ்சு சுருளாமல் நீள, போன வருஷம் அதன் நுனியில் கட்டிய கல். இந்த வருஷம் கட்ட மறந்துவிட்டார்கள்.

"அடியே பிஞ்சு, உங்க அக்காவோட எப்படி ஆடினேன் தெரியுமா? அதுக்கப்புறம் தரையே எனக்கு ஒத்துக்கல. என்னைக் கட்டச் சொல்லித் தொலையேன்!"

"கட்டினா நேராயிடுவேன். நேரா இருந்தா நாளைக்கே கூட்டு. பேசாம கிடய்யா!"

பிஞ்சு தன் இஷ்டத்துக்குச் சுருண்டு சுருண்டு இறங்கியது. கல் அண்ணாந்து பார்த்துத் திட்டியது, கெஞ்சியது. ஒரு காலையில் காயின் நுனி கல்லைத் தொட்டு, ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டது.

கத்தியோடு வந்த வீட்டுக்காரி முறைத்தாள். "இந்தக் கோணலை எவ நறுக்குவா? விதைக்குக் கிடக்கட்டும்."

அவள் போனதும் காற்று அடித்தது. காய் ஆடியது. கல்லும், தரையை விடாமலே, கொஞ்சம் ஆடியது.