அனுமதிக்கப்பட்ட சத்தங்கள்

உத்தண்டிக் கடலோரக் குடியிருப்பில், மதிலுக்கு வெளியே எழும் எந்தச் சத்தம் உள்ளே கேட்கலாம் என்பதைக் குடியிருப்போர் சங்கம்தான் முடிவு செய்தது; மற்றவற்றை மதிலில் பொருத்திய கருவி வடிகட்டிவிடும். பட்டியலை எழுதியவள் செயலாளர் வசுமதி. அலை கேட்கலாம், குயில் கேட்கலாம், மனிதக் குரல் மட்டும் கூடாது. மீன்காரி கன்னியம்மா கூவிக் கூவி வசுமதியின் காலைத் தூக்கத்தைக் கெடுத்த கோபம் அது.

அன்று காலை அவள் கணவர் குணசீலன் கடற்கரைக்கு நடக்கப் போயிருந்தார். வசுமதி மாடியில் காபியோடு அலையை ரசித்துக்கொண்டிருந்தாள். மதிலுக்கு அப்பால் கன்னியம்மா கையை ஆட்டுவது தெரிந்தது. இன்றைக்கு மீன் வேண்டாம் என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

சற்று நேரத்தில் வாசல் மணி அடித்தது. கன்னியம்மா கூடையில்லாமல் மூச்சிரைக்க நின்றாள்.

"ஐயா உங்க மதிலாண்டதாம்மா நெஞ்சப் புடிச்சிக்கினு விழுந்துட்டாரு. உங்க பேரச் சொல்லியே கூப்டாரு. நானும் தொண்டை கிழியக் கத்துனேன். கடைசில அவரே, 'அவளுக்குக் கேக்காது, விடும்மா'ன்னாரு."

வசுமதி ஓடினாள். மதிலைத் தாண்டியதும் அங்கே கூடியிருந்த மீனவக் குப்பத்து ஜனங்களின் குரல்கள் ஒன்றுவிடாமல் கேட்டன. அவருடைய குரல் மட்டும் அவற்றில் இல்லை.