சாவிச் சத்தம்

“சாவியை ஆட்டி அரசாங்கத்தைக் கவிழ்த்த கதை உலக சரித்திரத்திலேயே கிடையாது” என்று மாடிப்படியில் நின்று அறிவித்தார் யாரோமிர். 1989 நவம்பரின் அந்த வாரம், கம்யூனிஸ்ட் ஆட்சியை எதிர்த்துப் பிராக் நகரமே சாவியை ஆட்டிக்கொண்டிருந்தது.

கீழ்வீட்டு ருஷெனா படியேறி அவரிடம் வந்தாள். வெள்ளிக்கிழமை மாணவர் ஊர்வலத்துக்குப் போன மகன் லிபோர் திரும்பவில்லை. மருத்துவமனை, காவல் நிலையம் என்று அலைந்தவளுக்கு ஆறுதல் சொன்ன ஒரே ஆள் இந்த மேல்வீட்டுக்காரர்தான்.

“தோழர், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. நேத்து நான் ஆலைக்குப் போயிருந்தப்ப லிபோர் வீட்டுக்கு வந்துட்டுப் போயிருக்கான்!”

“எப்படிச் சொல்றீங்க?”

“பூட்டு உடையல, சாவி போட்டுத்தான் திறந்திருக்கு. அவனோட டைப்ரைட்டர் இல்ல, காகிதமெல்லாம் இல்ல. அவனுக்குன்னு செஞ்ச கசகசா கேக்கைக்கூடத் தொடல, பாவி. அவ்ளோ அவசரம்.”

“உயிரோட இருக்கான்ல, அது போதும். பூட்டை மட்டும் மாத்திடாதீங்கம்மா. மறுபடி வருவான்.”

அவள் எப்படி மாற்றுவாள்? தொலைத்துவிடக் கூடாதென்று மகனின் சாவிகளில் பச்சைக் கம்பளி நூல் முடிந்து கொடுத்தவளே அவள்தான்.

அந்தச் சந்தோஷத்தில் மாலை அவளும் சதுக்கத்துக்குக் கிளம்பினாள். “கோமாளிக் கூத்தை நானும் பாக்கறேன்” என்று யாரோமிரும் கூடவே வந்தார்.

சதுக்கத்தில் நிற்க இடமில்லை. மணி அடிச்சாச்சு, வீட்டுக்குக் கிளம்புங்க என்று ஆட்சியாளர்களுக்குச் சொல்வதுபோல் லட்சம் சாவிகள் குலுங்கின. ருஷெனாவும் தன்னுடையதைக் குலுக்கினாள்.

பக்கத்தில் நின்ற டிராம் ஓட்டும் பெண், யாரோமிரை மேலும் கீழும் பார்த்தாள். “ஏங்க, உங்க சாவி எங்க?”

“வீட்ல பெண்டாட்டி இருக்கறப்ப எனக்கெதுக்குச் சாவி?”

“கையை மட்டும் கோட்டுக்குள்ள பத்திரமா வெச்சிருக்கீங்களே. போலீஸா?”

நாலைந்து தலைகள் திரும்பின. ஒருவன் நெருங்கி வந்தான்.

“ஐயோ, இவரு தங்கமான மனுஷன்!” என்று பதறினாள் ருஷெனா. “தோழர், எதையாவது ஆட்டித் தொலைங்களேன்!”

யாரோமிருக்கு வியர்த்தது. கூட்டத்தின்மேல் வைத்த கண்ணை எடுக்காமல், உள்பையில் அகப்பட்டதை உருவித் தலைக்குமேல் அடக்கமாக ஆட்டினார். டிராம்காரி திருப்தியாகத் திரும்பிக்கொண்டாள்.

இரண்டு சாவிகள். நடுவில் ஒரு பச்சை நூல் துள்ளியது.

ருஷெனாவின் கை நின்றது.

“அப்ப நேத்து வந்தது நீங்களா?”