ஜாதகத்துக்கு அடியில்

மகளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்த மாதம்தான் அம்பலவாணனின் மரபணுப் பரிசோதனை முடிவு வந்தது. அவருடைய குடலில் இருக்கும் கட்டிகள் பரம்பரையாக வருபவையாம், புற்றாக மாற வாய்ப்பு அதிகமாம். மகளையும் பரிசோதிக்க வேண்டுமாம். சம்பந்தம் தட்டிப்போய்விடும் என்று பயந்து, காகிதத்தை மகளின் ஜாதகத்துக்கு அடியில் செருகினார். பத்துப் பொருத்தமும் அமோகமாக இருந்தது.

நான்கு வருடம் கழித்து, மலத்தில் ரத்தம் போகிறதென்ற மகளோடும் மாப்பிள்ளையோடும் டாக்டர் முன் உட்கார்ந்திருந்தார். அந்தக் காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் வந்திருந்தார்.

"குடும்பத்துல யாருக்காவது குடல் வியாதி இருக்காம்மா?"

"இல்ல டாக்டர். அப்பாவுக்குச் சும்மா அல்சர்தான்."

"அப்படிங்களா சார்?" என்று டாக்டர் அவரிடம் திரும்பினார்.

அம்பலவாணனின் கை சட்டைப்பைக்குப் போனது. கண் மட்டும் முதலில் மாப்பிள்ளையின் முகத்தைத்தான் பார்த்தது.