கரூரை விட்டு நகராத போன்

கச்சேரி மைதானத்தின் ஓரத்தில் ஒரு செல்போன் டவர் நின்றது. பாட்டுக் கேட்க வெளியூரிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணிச் சொல்வது அதன் வேலை. ஒரு போன் வந்தால் ஓர் ஆள் வந்ததாக எழுதிக்கொள்ளும்.

"இன்னிக்கு நாலாயிரத்துப் பன்னிரண்டு பேர்," என்று தன் உச்சியில் கூடு கட்டியிருந்த காக்காவிடம் பெருமையாகச் சொன்னது.

"மூணாவது வரிசையில ஒருத்தர் போனைத் தூக்கிப் பிடிச்சபடியே இருந்தாரே, அவரைச் சேர்த்தியா? பாவம், கை வலிக்க வலிக்க மாத்தி மாத்திப் பிடிச்சார்."

"கரூர்க்காரர். சேர்த்துட்டேன். ரெண்டு மணி நேரமும் வீட்டுக்குப் பேசிட்டிருந்தார்."

"எங்கே பேசினார்? வாயையே திறக்கலையே."

டவர் யோசித்தது. "ஆமா, அந்தப் பக்கமும் பேச்சில்லை. ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் ஒரு அம்மா கைதட்டுற சத்தம் மட்டும் வந்துச்சு."

"அந்த அம்மாவை எண்ணினியா?"

"அவங்க போன் கரூரை விட்டு நகரவே இல்லையே."

காக்கா அலகைத் தீட்டிக்கொண்டது.

மறுநாள் கணக்குப் பார்க்க வந்தவர்கள் குழம்பிப்போனார்கள். வந்த போன்கள் நாலாயிரத்துப் பன்னிரண்டு, கேட்ட ஆட்கள் நாலாயிரத்துப் பதிமூன்று என்றிருந்தது. மூன்று முறை சரிபார்த்தார்கள். டவர் அசையாமல் நின்றது.