சின்னையா கடைத் துப்பாக்கி

“இன்னும் வளைடா! அந்த ரேடியோவும் போச்சுன்னா நான் மறுபடி ரப்பர் மரத்துல பால்வெட்டத்தான் போகணும்!”

தலையில் கைவைத்துக்கொண்டு கத்தினார் சின்னையா. கோயில் திருவிழாவில் அவர் போட்டிருந்த, குறிபார்த்துச் சுடும் கடையின் பின்பக்கம், கித்தான் மறைவில், மடியில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தான் பாலன். பார்க்க வேட்டைத் துப்பாக்கி போலவே இருக்கும் ஜப்பான் பொம்மை அது. இழுத்துவிட்டு விசையை அமுக்கினால் உள்ளேயிருக்கும் ஸ்பிரிங் ஒரு பிளாஸ்டிக் குண்டைத் தள்ளும். உடம்பு யானை, கடி கொசு.

“ஏற்கெனவே வளைஞ்சுதானே அண்ணே இருக்கு?”

“பின்னே? வாங்கின அன்னிக்கே நுனியில குறி பார்க்கிற குமிழை நான்தான் தட்டிவிட்டேன். குமிழைப் பார்த்துச் சுட்டா குண்டு நாலு விரல் இடது பக்கம் போகும். இந்த வருஷம் புதுசாக் கடை போட்ட ரவாங்ல, கோலா குபு பாருல ஒருத்தன் ஒரு தீப்பெட்டியை விழுத்தினது கிடையாது. இந்தத் தோட்டத்துக்காரனுங்களுக்கு மட்டும் என்னடா, கண்ணா அது, கழுகா?”

“கழுகுதான்,” என்று உதட்டைக் கோணினான் பாலன்.

ஒரு வெள்ளி கட்டினால் ஐந்து குண்டு. பலகையில் சாண் இடைவெளியில் ஐந்து காலித் தீப்பெட்டிகள், அவற்றுக்குப் பின்னால் தொங்கவிட்ட சாக்கு. மூன்று நாள் திருவிழாவில் இரண்டு நாளிலேயே சுவர்க்கடிகாரத்தை லோரிக்காரன் செல்லன் கொண்டுபோய்விட்டான். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே சுட்ட அமராவதி ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டாள். மிச்சம் இருந்தது டபுள் கேசட் ரேடியோ ஒன்றுதான். ஐந்தையும் விழுத்துகிறவனுக்கு அது.

“இங்க நாலு வருஷமா இதே துப்பாக்கியா அண்ணே?”

“திருவிழாவுக்குத் திருவிழா புதுசு வாங்க நான் என்ன தொரையா? பேசாம வேலையைப் பாருடா. ரேடியோ தப்பிச்சா நாளைக்கு அடுத்த ஊர்த் திருவிழாவுக்கு நீயும் என்கூட லோரியில ஏறிக்கலாம். இல்லைன்னா நானே ஏற முடியாது.”

அந்த லோரிக்காகத்தான் பாலன் திருப்புளியைக் கையில் எடுத்ததே. தொழிற்சாலை இரவு வேலையை அவன் உதறிவிட்டு வந்ததிலிருந்து அண்ணன் வீட்டில் சோற்றுத் தட்டு மேசையில் வைக்கப்படுவதில்லை, போடப்படுகிறது. லயத்து வீட்டு வரிசையில் எதிர்ப்படுகிறவன் எல்லாம் “இன்னும் வேலை கிடைக்கலையா?” என்று பல்லைக் காட்டுகிறான். இந்த ஊரையும் இந்தப் பற்களையும் விட்டுத் தொலைந்தால் போதும்.

குமிழின் அடியை அராவி, பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகாணியை இறக்கினான்.

“இப்ப இதைத் திருப்பினா குமிழ் ரெண்டு பக்கமும் நகரும். வேண்டிய இடத்துல நிறுத்திக்கலாம்.”

“நிறுத்துடா! எவனும் அடிக்கக் கூடாது!”

கித்தான் ஓட்டை வழியாகப் பலகையைப் பார்த்துச் சுட்டான். திருகினான். மறுபடி சுட்டான். “எவனும் அடிக்க மாட்டான்,” என்றான்.

கோயில் தலைவரும் தோட்டத்துக் கங்காணியுமான நடராஜா மண்டோர் அந்தப் பக்கமாக வந்தவர், மூக்கைச் சுளித்தார். “அம்மன் வாசல்ல சூதாட்டம்! தூ! இந்தக் கருமத்தை நான் கையால தொட்டதில்லடா.”

“தொடாதீங்க மண்டோரய்யா. கை அழுக்காயிடும்,” என்றான் பாலன்.

விளக்குப் போட்டதும் செல்லன் பரிவாரத்தோடு வந்து நின்றான். “சின்னையா, ரேடியோவுக்கு பேட்டரி போட்டாச்சா லா?”

முதல் குண்டு தீப்பெட்டிக்கு வலப்பக்கம் சாக்கில் போய் ‘டப்’ என்றது. இரண்டாவதும் அங்கேதான். ஐந்தும் அங்கேதான். செல்லன் இன்னொரு வெள்ளி கொடுத்தான். அதுவும் சாக்குக்கே போயிற்று. அமராவதி வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சுட்டாள். ஒரு பெட்டிகூட அசையவில்லை. தோட்டமே வரிசை கட்டி வந்து சாக்கைத் துளைத்துவிட்டுப் போனது.

சின்னையாவுக்கு வாயெல்லாம் பல். பாலன் மனத்துக்குள் லோரியில் ஏறி உட்கார்ந்து காலையும் ஆட்ட ஆரம்பித்துவிட்டான். கழுகுகளாம் கழுகுகள்!

“துப்பாக்கியில கை வெச்சிட்டானுங்க லா!” என்று செல்லன் கத்தினான். “நேத்து அடிச்ச கை இன்னிக்கு எப்படிப் பிசகும்? கூடாரத்தைப் பிடுங்குங்கடா!”

நாலு பேர் கம்பத்தைப் பிடித்து ஆட்டவே, சத்தம் கேட்டு மண்டோர் ஓடி வந்தார்.

“ஐயாவே பார்த்துச் சொல்லட்டும்!” என்று துப்பாக்கியை அவர் கையில் திணித்தார் சின்னையா. வெற்றி அவர் தலைக்கு ஏறியிருந்தது. “ஐயா அஞ்சையும் விழுத்தினா ரேடியோ ஐயாவுக்கே! ஊர் முன்னால சொல்றேன்!”

சின்னையாவின் கையைப் பிடித்து இழுத்தான் பாலன். “அண்ணே, அவர் வேணாம். வேற யாரையாவது…”

“சும்மா இருடா!”

மண்டோர் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். பெருக்குமாற்றைப் பிடிப்பதுபோல் துப்பாக்கியைப் பிடித்தார். ஒரு கண்ணை மூடி, குமிழைத் தீப்பெட்டிக்கு நேராக வைத்து அமுக்கினார்.

பெட்டி விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. ஐந்தாவதும் விழுந்தபோது கூட்டம் போட்ட கூச்சலில் மேளக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். சூதாட்டம் பிடிக்காத மண்டோர், ரேடியோவைத் துண்டில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.

சின்னையா பாலனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். “எப்படிடா வளைச்சுத் தொலைச்ச?”

“வளைக்கல அண்ணே, நேராக்கினேன். நாலு விரல் வலது பக்கம் தள்ளிச் சுடணும்னு நாலு வருஷத்துல தோட்டமே பழகி வெச்சிருக்கு. தொட்டே பார்க்காத ஆள் ஒருத்தர் இருக்கிறதை மறந்துட்டேன்.”